கேன் தண்ணி

“போர்த் தண்ணியை மட்டும் ஊத்தீராதீங்கப்பா. உப்பு அடைச்சுக்கும், அப்புறம் சாரலே வராது” என்றாள் மோனிஷா. தனபால் கையிலிருந்த குட்டி ஃபேனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காற்று வந்தது, சாரல் நின்றுபோயிருந்தது.

முதலிபாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியின் கேட்டுக்கு அவர்தான் செக்யூரிட்டி. வருகிற வண்டியின் நம்பரை எழுத ஒரு தகரக் கூண்டு கொடுத்திருந்தார்கள். சித்திரை வெயிலில் அதற்குள் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் ஆள் வெந்துவிடுவார்.

போன வாரம் இரண்டு முறை தலைசுற்றிச் சாய்ந்தார். அதே கம்பெனியின் மாடி ஹாலில், தைத்த பனியன்களில் பழுது தேடும் செக்கிங் வேலை பார்க்கும் மகள் பதறிப்போய், சார்ஜ் போட்டால் ஓடுகிற இந்தத் தண்ணீர் ஃபேனை வாங்கிக் கொடுத்தாள். அம்மா போன பிறகு அவளுக்கென்று இருப்பது இந்த ஒரு மனிதர்தான். வெயிலுக்கு அவரையும் கொடுத்துவிடக் கூடாது என்று பிடிவாதமாக இருந்தாள்.

“சட்டையைப் பாருங்க. கேட் சங்கிலி கிரீஸ் இன்னும் போவலயா?”

“மூணு நாளா சோப்புப் போட்டுக் கும்மறேன், போவேனாங்குது.” நெஞ்சில் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பாக அப்பியிருந்தது. “அதை உடு கண்ணு. கேன் தண்ணி இருந்தாக் கொண்டா.”

டீ டைம் பத்து நிமிடம். அதில் நாலு இங்கேயே போய்விட்டது. மோனிஷா மாடிக்கு ஓடினாள்.

கேன் வண்டி அன்றைக்குப் பார்த்து வரவில்லை. கவிழ்த்துப் பார்த்தும் ஒரு சொட்டு விழவில்லை, அவளுடைய பாட்டிலும் காலி. சுற்றும்முற்றும் பார்த்தபோது, மூலையில் தனியாக உட்காரும் சாரதாமணி அக்காவின் மேசையில் ஒரு லிட்டர் பாட்டில் நிறைய நின்றது. கழுத்தில் சிவப்புத் துணி.

பாட்டில் மாறிப்போகாமல் இருக்க ஆளுக்கொரு கலரில் வேஸ்ட் துணித் துண்டைக் கட்டிவைப்பது அந்த ஹாலில் எல்லோரும் செய்வதுதான். மோனிஷாவுடையது பச்சை. அக்கா மகளைக் காலேஜில் சேர்க்க அரை நாள் லீவு போட்டு உடுமலைக்குப் போயிருந்தாள், வந்ததும் சொல்லிக்கொள்ளலாம்.

பஞ்சுத் தூசுக்காகக் கட்டிய மாஸ்க்கைக்கூடக் கழற்றாமல் பாட்டிலோடு ஓடி வந்து ஃபேனில் ஊற்றினாள். தனபால் பட்டனை அழுத்தினார். முகத்தில் சாரல் பட்டதும் கண்ணை மூடிக்கொண்டார்.

“நேத்தைய விட ஜில்லுன்னு இருக்குது கண்ணு. ஐஸ் போட்டயா?”

“இல்லீங்கப்பா. வெறும் தண்ணிதான்.”

“பன்னீரே ஊத்தியிருந்தாலும் இந்த மூக்குக்குத் தெரியாது போ” என்று சிரித்தார். இருபது வருடம் சாயப்பட்டறையில் நின்ற மூக்கு, வாசம் பிடிப்பதை எப்போதோ விட்டுவிட்டது.

“மிச்சத்தையும் வெச்சுக்கங்க. தீரத் தீர ஃபேன்ல ஊத்திக்கங்க. கதவைச் சாத்தீட்டு உக்காருங்க, அனல் உள்ள வராது.” அவர் கதவைச் சாத்துகிற வரை நின்று பார்த்துவிட்டுத்தான் போனாள்.

பன்னிரண்டு மணிக்கு ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். கூண்டின் கண்ணாடிக்குப் பின்னால் அப்பாவின் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. மெதுவாக நிமிர்ந்தவர், அவளைப் பார்த்ததும் நெற்றியைத் தொட்டு விரலைச் சுழற்றிக் காட்டினார். தலை சுற்றுகிறதாம்.

பாழாய்ப்போன வெயில். ஃபேனை இன்னும் கிட்டத்தில் வைத்துக்கொள்ளச் சொல்லிச் சைகை காட்டினாள். மகள் சொல்லை என்றைக்கும் தட்டாதவர், மூக்குக்கு நேராகப் பிடித்துக்கொண்டார்.

ஒரு மணிக்குச் சாப்பாட்டு மணி அடித்து அவள் இறங்கி வந்தபோது, அப்பா கூண்டுக்குள் சரிந்து கிடந்தார். ஃபேன் மட்டும் காலால் தள்ளியது போலத் தரையில் கிடந்து ஓடிக்கொண்டிருந்தது.

கம்பெனி வேன் டிரைவர் தவசி அவரைத் தூக்கிப் போட்டுக்கொண்டு பறந்தார். ஆஸ்பத்திரியில் டாக்டர் இமையை விரித்துப் பார்த்தார், நெஞ்சில் குழலை வைத்தார், எடுத்துவிட்டார்.

“வெளியில நின்னு வேலை பார்க்கறவரா? இந்த வாரம் இவர் மூணாவதும்மா. வெயில்தான்.”

நர்ஸ் சட்டையைச் சுருட்டிக் கையில் கொடுத்தாள். மோனிஷா அதை மடியில் விரித்தாள். கிரீஸ் கறையைக் காணோம், துணி புதிது போல் வெளுத்திருந்தது. கடைசியாகப் போட்ட சட்டையாவது சுத்தமாக இருக்கிறதே என்றுதான் அந்த நேரத்தில் அவளுக்குத் தோன்றியது, பிறகு அடக்க முடியாமல் அழுதாள்.

“உன்னால ஆனதையெல்லாஞ் செஞ்சே கண்ணு” என்றார் தவசி. “அந்த ஃபேன் இல்லீன்னா போன வாரமே போயிருப்பாரு. வெயிலுக்கு நாம என்ன பண்ண முடியும்?”

அந்தப் பேச்சு அவளைக் கொஞ்சம் தாங்கிப் பிடித்தது. ஆமாம், தன் கையில் இருந்ததைச் செய்தாகிவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

போன் அடித்தது. சாரதாமணி அக்கா. துக்கம் கேட்கத்தான் கூப்பிடுகிறாள் என்று எடுத்தாள். ஆனால் குரல் எப்போதும் போல இருந்தது. உடுமலையிலிருந்து இப்போதுதான் வந்திருப்பாள், யாரும் இன்னும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

“கண்ணு, யாரும் தொட்டுறக் கூடாதுன்னு சிவப்புத் துணி கட்டி வெச்சிருந்தேனே, கறை எடுக்கற கெமிக்கல் பாட்டிலு, அதைப் பாத்தியா?”