கியர்பாக்ஸை மூடும்வரை

வாசலில் பழைய போர்வையை விரித்து, அதன்மேல் கியர்பாக்ஸைப் பிரித்துப் போட்டிருந்தார். பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வெர்னியர் அளவுகோலை வைத்து ஆயில் சீல் என்கிற ரப்பர் வளையத்தை அளந்துகொண்டிருந்தார். ஏழாவது தடவை.

அவள் காபியைக் கொண்டுவந்து வைத்தாள். வீட்டுக்காரர் நிமிரவில்லை.

அறுபத்து மூன்றாம் வருஷத்துக் கார். ஒரு பேரிங், இரண்டு ஆயில் சீல் மாற்ற வேண்டும், அவ்வளவுதான். அதற்குப் பதினாறு நாள். சேலத்தில் இருக்கிற பேரிங் கடைக்காரர்கள் எல்லாம் இவர் தலையைக் கண்டாலே டீ குடிக்கப் போய்விடுகிறார்களாம்.

கண்ணை மூடிக்கொண்டு வாங்கிப் போட்டால் எண்ணெய் ஒழுகி மொத்தமும் நாசமாகிவிடுமாம். சொல்கிறார், பெரிய மேதை.

மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கப் போன அன்றைக்கு இந்த வெர்னியரை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தார் போலிருக்கிறது. இரண்டு பஜ்ஜி, ஒரு காபி. பையன் தங்கம் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டார்.

அந்தத் தங்கம்தான் தாரணியின் கையை முறுக்கியது.

கியர்பாக்ஸைப் பிரித்த அன்றே மகள் வந்து நின்றாள். ஒரே ஒரு பை. முழங்கை வீங்கியிருந்தது.

அவர் பார்த்தார். குடும்பம் என்றால் முன்னே பின்னேதான் இருக்கும் என்றார். வண்டி தயாரானதும் தானே கொண்டுபோய் விட்டுவிட்டு வருவதாகச் சொன்னார்.

பஸ்ஸில் போய் இறங்கினால் சம்பந்தி வீட்டில் மரியாதை இருக்காதாம். பெண்ணை அடித்தவன் வாசலில் இவர் காரில் போய் இறங்க வேண்டுமாம்.

த்தூ.

பெற்றவள் சண்டை போட்டுப் பார்த்தாள். இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தாள். அவர் பாட்டுக்குச் சாப்பிட்டார். ரசத்தில் உப்புக் குறைச்சல் என்று வேறு சொன்னார்.

மூன்றாம் நாள்தான் அவளுக்குப் புத்தி வந்தது.

புது ஆயில் சீலைக் கையில் எடுத்து, சும்மா ஒரு வார்த்தை போட்டுவைத்தாள். ரொம்ப நாள் கடையிலேயே கிடந்த சரக்கு மாதிரி இருக்கே, ரப்பர் விறைச்சுப் போயிருக்காதா?

மனிதர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும்.

நாலு நாள் கிடைத்தது.

அப்புறம் பேரிங். அதில் பொறித்திருந்த நம்பர் மங்கலாகத் தெரிகிறது, டூப்ளிகேட்டோ என்னவோ என்றாள். பூதக்கண்ணாடி வாங்கிவந்து பார்த்தார். தூக்கம் போயிற்று. ஈரோடு வரைக்கும் போய் வேறு பேரிங் வாங்கிவந்தார்.

ஆறு நாள்.

இருபத்தாறு வருஷம் இந்தக் கார்ப் புராணத்தைக் கேட்டதற்கு இவ்வளவாவது தேறியதே.

உள்ளே தாரணி துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். ஓசூரில் வேலை கிடைத்திருக்கிறது. தங்க ஹாஸ்டலும் உண்டு. திங்கட்கிழமை மதியம் இரண்டு மணிக்குள் போய்ச் சேர வேண்டும். அவருக்குத் தெரியாது. தெரிந்தால் அன்றைக்கே பஸ் என்ன, மாட்டு வண்டியில்கூட ஏற்றிக் கொண்டுபோய் மாப்பிள்ளை வீட்டில் தள்ளிவிட்டு வருவார்.

இன்றைக்குச் சனிக்கிழமை.

அவர் வெர்னியரைத் துடைத்துப் பெட்டியில் வைத்தார்.

"எல்லாம் பக்காவா இருக்கு. நாளைக்குக் காலையில மெக்கானிக் வந்து மூடிடுவான். சாயங்காலம் கிளம்பிடலாம். அவளை ரெடியா இருக்கச் சொல்லு."

ரப்பரைச் சொல்லியாயிற்று. நம்பரைச் சொல்லியாயிற்று. இனி எதைச் சொல்ல?

குனிந்து பேரிங்கை எடுத்தாள். காதருகே வைத்து விரலால் ஒரு சுற்றுச் சுற்றினாள்.

வெண்ணெய் மாதிரி ஓடியது. ஒரு பொட்டுச் சத்தம் இல்லை.

"என்னங்க, இதுல ஏதோ கரகரங்குதே."

வெடுக்கென்று பிடுங்கினார். காதில் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு சுற்றினார். மறுபடியும் சுற்றினார். தெருவில் போன ஸ்கூட்டர்காரனைக் கை காட்டி முறைத்தார்.

தாரணி இதே வாசலில் நின்று மூன்று தடவை சொன்னாள், கை வலிக்குதுப்பா என்று. அப்போது கையில் இருந்த பேப்பரைக்கூட அவர் மடித்து வைக்கவில்லை.

அவர் கண்ணைத் திறந்தார். தன் காதுக்கு எட்டாதது பெண்டாட்டி காதுக்கு எட்டிவிட்டது என்று ஒப்புக்கொள்கிற ஆளா?

"ஆமா," என்றார். "லேசாக் கேக்குது. நான் அப்பவே நினைச்சேன்."

பேரிங்கை ஓரமாகத் தள்ளி வைத்தார். நாளைக்குக் கடை லீவு என்றார். திங்கட்கிழமை காலையில் முதல் ஆளாகப் போய் ஈரோட்டில் நிற்கப்போவதாகவும், திரும்பச் சாயங்காலம் ஆகும் என்றும் சொன்னார்.

"அவசரமில்லைங்க," என்றாள். "நல்லாப் பார்த்தே வாங்கிட்டு வாங்க."