வராது என்று சொன்ன பாடம்

வேதியியல் டீச்சர் ஆசிரியர் அறையில் தனியாக உட்கார்ந்திருக்கிறார். தன் பாடத்துப் பொதுத்தேர்வன்று தேர்வறைப் பக்கம் அவர் தலைகாட்டக் கூடாது. தேர்ச்சி குறைந்தால் அவர் வேலை போய்விடும். அப்படியிருந்தும் கடைசிப் பாடத்தை, ஜோசியரே தோற்றுப்போகும் உறுதியோடு, "வராது, விடுங்க" என்று ஒதுக்கிய மகராசி. பரீட்சை முடிந்த மணி அடிக்கிறது. கணக்கு டீச்சர் துக்கம் விசாரிக்கும் முகத்தோடு எட்டிப் பார்க்கிறார். குரலில் மட்டும் கொஞ்சம் சர்க்கரை. "அக்கா, நீங்க விட்ட பாடத்துலதான் பெரிய கேள்வியே வந்திருக்காம்!" தேநீரில் ஆடை படிந்து கிடக்கிறது. வராந்தாவில் செருப்புச் சத்தம் நெருங்க, வேதியியல் டீச்சர் வாசலுக்கு வந்து கேள்வித்தாளுக்குக் கையை நீட்டுகிறார். எந்தப் பரீட்சை முடிந்தாலும் கேள்வித்தாளோடு வந்து மொய்க்கிற பிள்ளைகள், இன்று அதை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, "வர்றோம் டீச்சர்" என்று மரியாதையாகக் கடந்து போகிறார்கள். நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் அவர் கதவுத் தாழ்ப்பாளைத் தடவிக்கொண்டிருக்கிறார்.