அறுபத்து நாலு பன்

"இன்னிக்கும் கரியா?" என்று மூக்கைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் வந்தார் வீட்டுக்காரர்.

வீட்டுக்காரம்மா கண்ணாலேயே அவரை அடக்கினாள். மாடியறையில் தங்கியிருக்கும் வெளிநாட்டு மாணவி ஓவனிலிருந்து தட்டை வெளியே இழுத்துக்கொண்டிருந்தாள். நாலு பன் வெளுத்துக் கிடந்தன, மூன்று பரவாயில்லை, மீதியெல்லாம் அடுப்புக்கரி.

உணவையும் நவீன ஓவியத்தையும் சேர்த்துச் சொல்லித்தரும் படிப்பாம். அதற்காகக் கடல் தாண்டி வந்திருந்தாள். கடைசியில் ஒரு கண்காட்சி. சமையல் டீச்சரும் ஓவிய சாரும் சேர்ந்து மார்க் போடுவார்கள். தேறாவிட்டால் ஊருக்குப் போய் ஒரு வருடம் மறுபடியும் முதலிலிருந்து படிக்க வேண்டும்.

"கண்காட்சிக்கு என்னம்மா வைக்கப்போறே?"

"இந்தப் பன்னைத்தான்மா. நீங்க கட்டாயம் வரணும்."

வீட்டுக்காரம்மா ஒரு பன்னை எடுத்துத் தட்டிப் பார்த்தாள்; கல் மாதிரி இருந்தது. அந்தப் பெண்ணோ அழவும் இல்லை, அசடு வழியவும் இல்லை. ஒவ்வொரு பன்னின் அடியிலும் பென்சிலால் ஒரு எண் எழுதி, முந்தைய நாட்களின் பன்கள் இருந்த அட்டைப்பெட்டியில் அடுக்கினாள். நடுநடுவே வீட்டுக்காரம்மாவின் முகத்தையே உற்றுப் பார்த்தாள். பாவம், திட்டு விழுமோ என்று பயப்படுகிறாள் போலிருக்கிறது.

"கருகல் ராணி தேற மாட்டா, எழுதி வச்சுக்கோ," என்றார் வீட்டுக்காரர், அவள் மாடியேறியதும்.

"வாயைக் கழுவுங்க. பெத்தவங்க நம்மளை நம்பித்தானே பொண்ணை அனுப்பியிருக்காங்க!"

கண்காட்சிக்கு முதல் நாள், மாணவி வகுப்புக்குக் கிளம்பியதுதான் தாமதம், வீட்டுக்காரம்மா மாவு பிசைய உட்கார்ந்துவிட்டாள். சாயங்காலத்துக்குள், பெட்டியில் இருந்த கணக்குப்படியே, பொன்னிறமாய், பஞ்சு மாதிரி அறுபத்து நாலு பன் தயார். பெட்டியில் இருந்த பழசையெல்லாம் சாக்கில் கொட்டி, கார் டிக்கியில் போட்டாள். கண்காட்சி முடிந்து வரும் வழியில் கோழிப் பண்ணைக்குக் கொடுத்துவிடலாம் என்று திட்டம். புதியதைப் பெட்டியில் அடுக்கி, ஒன்றும் தெரியாதவள் போல மூடி ஒட்டினாள்.

மறுநாள் கண்காட்சிக் கூடத்தில் பெட்டியைத் திறந்த மாணவிக்கு முகத்தில் ஈயாடவில்லை.

சமையல் டீச்சர் ஒன்றைப் பிய்த்து வாயில் போட்டார். "அடடா, பிரமாதம்! என் பங்கு மார்க் முழுசா உனக்குத்தான்."

வீட்டுக்காரம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் ஓவிய சார் சுவரைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார்.

"சுவர் காலியா இருக்கேம்மா? அரை மணி நேரத்துல திரும்பி வரேன். அதுக்குள்ள வேலையைக் காட்டு."

இருவரும் அடுத்த மேசைக்கு நகர்ந்ததும் வீட்டுக்காரம்மா மாணவியின் காதைக் கடித்தாள். "நான்தான் மாத்தி வச்சேன். யார்கிட்டயும் மூச்சு விடாதே."

"பழசெல்லாம் எங்கம்மா?" அந்தப் பெண் மேசைக்கு அடியில் குனிந்து தேடினாள்.

"கார் டிக்கியில கிடக்கு. கோழிகூடத் தின்னுமோ என்னவோ!"

மாணவிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அழுகையும் சிரிப்பும் ஒன்றாய்ப் பொங்க, வீட்டுக்காரம்மாவின் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்தாள்.

"ஓடி வாங்கம்மா, அந்த அறுபத்து நாலையும் நம்பர்படி வரிசையா மாட்டினாத்தான் சுவத்துல உங்க முகம் வரும்!"