மூன்றாம் முடிச்சு வரை

மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்துவிட்டார். கூட்டம் பெண்ணின் அம்மாவான இவள் வாயைப் பார்த்தது.

இவர்கள் வகையறாவில் தாலி ஏறும்போது மேளம் கிடையாது. பெண்ணைப் பெற்றவள் குலவை போட வேண்டும். அவள் ஒருத்தி மட்டும். மூன்று முடிச்சும் விழுந்த பிறகுதான் மற்ற பெண்கள் சேர்ந்துகொள்வார்கள். நடுவில் அறுந்தால் ஆகாது என்பார்கள்.

ஒரு காலத்தில் இவள் குலவை போட்டால் கண்மாய்க்கு அந்தப் பக்கம் கேட்கும்.

அதெல்லாம் காசநோய் வருவதற்கு முன்னால்.

மாத்திரை தின்று முடித்து, சளியில் கிருமி இல்லை என்று ஆனபோது ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். "நோய் போயிருச்சும்மா. ஆனா நுரையீரல்ல தழும்பு விழுந்திருச்சு. மூச்சு பழையபடி வராது."

முதல் பாதியை ஊரெல்லாம் சொன்னாள். சம்பந்தி வீட்டிலும் சொன்னாள். மறுபாதியை முழுங்கிவிட்டாள். அப்படியும் அவர்கள் பக்கத்தில் முணுமுணுப்பு ஓயவில்லை.

மகள் நாகஜோதிக்குத் தெரியும். ஒரு குடம் தண்ணீர் தூக்கினாலே அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்க்கிறவள். பெரியம்மா போடட்டுமே என்று நேற்றுகூடக் கெஞ்சினாள்.

"நான் குத்துக்கல்லாட்டம் இருக்கையில எம்பிள்ளைக்கு இன்னொருத்தி போடுவாளாக்கும்?" என்று வள்ளென்று விழுந்தாள் இவள்.

இப்போது மூச்சை இழுத்துக்கொண்டாள். வாயைக் கையால் மறைத்து நாக்கைச் சுழற்றினாள்.

வந்துவிட்டது! அதே பழைய குலவை.

முதல் முடிச்சு.

நெஞ்சு இறுகியது. வற்றிய கிணற்றில் வாளி தரை தட்டுவதுபோல உள்ளே தட்டியது. ஐயோ, இன்னும் கொஞ்சம். மாரியாத்தா, இன்னும் கொஞ்சம்தான்.

இரண்டாவது முடிச்சில் அறுந்துபோனது. கைக்குப் பின்னால் நாக்கு மட்டும் சும்மா ஆடியது.

ஆனால் குலவை நிற்கவில்லை.

சன்னமாக, பிசிறில்லாமல், மணவறையிலிருந்து வந்துகொண்டிருந்தது.

நாகஜோதி தலை குனிந்திருந்தாள். மாலை மோவாய் வரை ஏறிக் கிடந்தது. தொண்டை துடிப்பது பெற்றவளுக்குத் தெரிந்தது.

தன் தாலிக்குத் தானே குலவை போட்ட பெண்ணை யாரும் பார்த்ததில்லை. அன்றைக்கும் பார்க்கவில்லை.

மாப்பிள்ளையின் கை மட்டும் ஒரு நொடி நின்றது. அப்புறம் மூன்றாவது முடிச்சைப் போட்டது.

பெண்களெல்லாம் சேர்ந்துகொண்டார்கள். பந்தல் அதிர்ந்தது.

சம்பந்தியம்மா ஓடிவந்து இவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். "ஆத்தாடி, என்னா மூச்சு மதினி உங்களுக்கு! உங்களையா சீக்குக்காரின்னு சொன்னாளுக?"

பதில் சொல்ல மூச்சு இல்லை. வாயிலிருந்து கையை எடுக்காமலே மகளைப் பார்த்தாள்.

சாயங்காலம் அவள் புருஷன் வீட்டுக்குப் போய்விடுவாள்.

இனிமேல் அறுந்தால் அறுந்ததுதான்.