முக்கோண முத்திரை

"வர்றவங்ககிட்ட உங்க துப்பாக்கிப் புராணத்தை ஆரம்பிச்சிடாதீங்க. போன தடவை வந்தவங்க டீயைக்கூடக் குடிக்காம ஓடினாங்க!" கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொன்னாள் மனைவி.

முன்னாள் ராணுவக்காரர் பரம சாதுவாகத் தலையாட்டினார். இந்தப் பையன் மகளே விரும்பியவன். காரியம் கெட்டால் அவள் ஜென்மத்துக்கும் அவரோடு முகம் கொடுத்துப் பேச மாட்டாள்.

வந்தவர்கள் நல்ல மாதிரி. பையனின் அப்பா ஏதோ தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அதிகம் பேசாதவர். டீயை ஒரு வாய் குடித்துவிட்டு அவரே கேட்டார்.

"சார் போர்ல இருந்தீங்களாமே?"

இது போதாதா? மனைவியின் முறைப்பு ராணுவக்காரரின் கண்ணில் படவே இல்லை.

"ஆமாங்க. குளிர், பசி எல்லாம் பழகிடுச்சு. துப்பாக்கிதான் சொன்ன பேச்சு கேட்கல. பச்சைக் குழந்தை மாதிரி தினம் துடைச்சு எண்ணெய் போடுவேன். ஒரு நாள் விடிகாலை, ஒரே மூடுபனி. எதிர்ல ஓர் உருவம். யாருன்னு கத்தறேன், பதிலே இல்ல. குறி பார்த்து விசையை அழுத்தினா, 'டிக்'! அவ்வளவுதான். சுடவே இல்ல."

"பிரிச்சுப் பார்த்தீங்களா?"

"பார்க்காம? தோட்டாவை அடிக்கிற ஊசி உடைஞ்சு கிடக்கு. மட்டமான இரும்பு! அதைப் போய் சரியா இருக்குன்னு முத்திரை குத்தி அனுப்பியிருக்கான் ஒரு புண்ணியவான். சின்ன முக்கோண முத்திரை. இன்னும் கண்ணுலயே நிக்குது."

பையனின் அப்பா கோப்பையைக் கீழே வைத்தார். அவர் முகம் வெளுத்துவிட்டது.

"நான் துப்பாக்கித் தொழிற்சாலையிலதாங்க இருந்தேன். சோதனை பண்ற ஒவ்வொருத்தருக்கும் ஒரு முத்திரை. முக்கோணம் என்னோடது." அவர் எழுந்துவிட்டார். "உங்க உயிரோட விளையாடியிருக்கேன். இனி எந்த முகத்தை வெச்சுக்கிட்டு உங்ககிட்ட சம்பந்தம் பேசுவேன்? வாடா, போகலாம்."

மகள் விசும்பத் தொடங்கினாள். மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

ராணுவக்காரர் பாய்ந்து போய் அவரை இறுகக் கட்டிக்கொண்டார்.

"உட்காருங்க சம்பந்தி! இத்தனை வருஷமா உங்களைத்தான் தேடிக்கிட்டிருக்கேன். அன்னிக்கு வந்தது எதிரி இல்ல. வழி தவறி, குளிர்ல பேச்சே வராம நடந்து வந்த நம்ம ஆளு. பிழைச்ச சந்தோஷத்துல, லீவுக்கு என்னைத் தன் வீட்டுக்கே கூட்டிட்டுப் போனான். அங்கே கதவைத் திறந்த அவன் தங்கச்சிதான் இதோ, தலையில அடிச்சுக்கிட்டு நிக்கிறா!"