மூன்றாவது ஜன்னல்

கண்ணெதிரே இல்லாத ஒரு காக்காயைக்கூடத் தன் படத்தில் உட்காரவிடாதவர் தனிஸ்லாஸ். இடிபடும் பழைய ஆஸ்பத்திரிக்கு எதிரே முக்காலி போட்டு உட்கார்ந்து வரைந்தார். அன்றன்று இடிந்த சுவரை அன்றன்றே நீலம் பூசி ஆகாயமாக்கினார். நிஜ ஆகாயத்துக்கே அவ்வளவு நீலம் செலவாகியிருக்காது! ஐந்தாம் நாள், அவர் மனைவி ரெஜினா கடைசியாகக் கையசைத்த மூன்றாவது மாடி ஜன்னலும் விழுந்தது. படத்தில் மிச்சம் அது ஒன்றுதான். தூரிகையில் தொட்ட நீலம் காய்ந்தே போனது, கை எழவில்லை.

இடிக்கும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு வந்த முருகவேல் எட்டிப் பார்த்தான். "அய்யா, ஜன்னல் மட்டும் அந்தரத்துல நிக்குதே! அதான் போயிடுச்சுல்ல?"

"மொதல்ல போய்க் கண்ணுக்கு வைத்தியம் பாருப்பா," என்றார் தனிஸ்லாஸ், வெறும் ஆகாயத்தை அண்ணாந்து பார்த்துக் கையசைத்தபடி.