அத்தைக்குப் பிடிக்காத பெண்

"அடியே செங்கமலம், வெயில் உச்சிக்கு வந்திருச்சு, இன்னும் என்னடி படுக்கை? அரிமளத்துலேருந்து ஒன் அத்தையும் மாமாவும் இந்தா வந்து நிக்கப்போறாங்க. எந்திரிடி!"

கத்திக் கத்திச் செவந்திக்குத் தொண்டை வறண்டுபோனது. பாயில் கிடந்த மகள் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் புரண்டு படுத்தாள். அவ்வளவுதான்.

ஐம்பத்தெட்டாம் வருசம் அது. செங்கமலத்துக்கு வயது பதினாறு. ஆலங்குடிக்கு நடந்துபோய்ப் பத்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். அவர்கள் ஊரில் அவ்வளவு தூரம் படித்த பெண் வேறு யாரும் இல்லை. சித்திரை மாதம் வரைக்கும் வீட்டில் பம்பரமாய்ச் சுற்றின பெண்ணுக்கு அப்புறம் என்ன வந்ததோ, குடத்தைத் தூக்கச் சொன்னால் இடுப்பு வலி, வாசல் தெளிக்கச் சொன்னால் தலைவலி. செவந்தியும் திட்டிப் பார்த்தாள், கொஞ்சிப் பார்த்தாள், மாரியம்மன் கோயிலில் கயிறு மந்திரித்துக் கட்டிப் பார்த்தாள். கயிறு கட்டின கையையே தலைக்கு வைத்துக்கொண்டு மகள் தூங்கினாள்.

"வயசு அப்படி. விடு செவந்தி" என்றான் அவள் புருசன் ரெங்கசாமி. "அக்கா வீட்டுக்குத்தானே போகப்போறா? அக்கா பாத்துக்கும்."

"எல்லாம் நீங்க குடுக்குற செல்லம்! இன்னைக்கு வெத்தலை பாக்கு மாத்தணும். இவ இருக்குற லட்சணத்தைப் பாத்துட்டு வேணாம்னு போயிட்டாங்கன்னா?"

ரெங்கசாமிக்கும் அந்தப் பயம்தான். அக்கா மகன் நாகராசுக்குத்தான் செங்கமலம் என்று அவள் பிறந்த அன்றே பேசி வைத்தது. முறை மாப்பிள்ளை இருக்கப் பெண்ணை வெளியே கொடுத்தால் உறவு அறுந்துபோகும். அவர்களாகவே வேண்டாம் என்று விட்டுக்கொடுத்தால்தான் உண்டு. அந்தச் சொல் மட்டும் வந்துவிடக் கூடாதே என்று சாமியை வேண்டிக்கொண்டான்.

அக்கா பிச்சையம்மாளும் மச்சான் ஆவுடையப்பனும் வந்து கூடத்தில் உட்கார்ந்தார்கள். மச்சான் சுற்றி வளைக்கவில்லை.

"தையில கல்யாணத்தை முடிச்சிரணும் மாப்ளை. வீட்டுல மாடு கன்னு இருக்கு, கடலைக் காடு கெடக்கு. ஆள் வேணும். பொண்ணு படிச்சது போதும், நாளையிலேருந்து நிறுத்திருங்க."

"அதுக்கென்ன மச்சான், நிறுத்திட்டாப் போச்சு."

அப்போதுதான் செங்கமலம் தண்ணீர்ச் சொம்போடு வந்தாள். தலையில் சீப்புப் படவில்லை. கொட்டாவி விட்டுக்கொண்டே சொம்பை நீட்டியதில் பாதித் தண்ணீர் மாமாவின் துண்டில்.

"பரவாயில்ல ஆத்தா" என்று துடைத்துக்கொண்டார் ஆவுடையப்பன். "மாடு கறப்பியா?"

"மாடு ஒதைக்கும் மாமா."

"சரி, கடலை ஆய வருமா? உக்காந்து செய்யிற வேலைதானே?"

செங்கமலம் கொஞ்சம் யோசித்தாள். "படுத்துக்கிட்டே ஆயலாம்னா வாரேன் மாமா."

செவந்தி தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் அவளுக்கு முன்னால் பிச்சையம்மாள்தான் எகிறினாள்.

"அடி ஆத்தி! இதுவா எம் மருமக? எங்க அத்தை என்னைக் கேட்டு வந்தப்ப இதே கூடத்துலதான் நின்னேன். கையைத் தொட்டுப் பாத்துட்டு, 'ஒலக்கை புடிச்சுக் காய்ச்ச கை, இது போதும் எம் மகனுக்கு'ன்னு சொன்னாங்க. வெள்ளி மொளைக்கிறதுக்கு முன்னாடி கம்பு குத்துவேன். தம்பி, நீயே சொல்லு!"

ரெங்கசாமிக்குக் கண் கலங்கிவிட்டது. அக்காவின் இடுப்பில் உட்கார்ந்து ஊருணிக்குப் போனதும், அவள் ஊதி ஊதிக் கொடுத்த கேப்பைக் கூழும், அவள் கல்யாணமாகிப் போன அன்று வண்டிக்குப் பின்னாலேயே அழுதுகொண்டு ஓடினதும் நினைவுக்கு வந்தன. அப்பேர்ப்பட்ட அக்கா கையில் மகளை ஒப்படைத்துவிட்டால் நிம்மதி என்று இருந்தானே!

"அக்கா, சின்னப் புள்ளை... போகப் போகத் திருந்திரும்."

"இதா திருந்தும்? எங்க வீட்டுக்கு வந்து இது படுத்துக்கெடக்க, நான் கஞ்சி காச்சி ஊத்தணுமாக்கும்! நல்லாருக்குய்யா நியாயம்."

ஆவுடையப்பன் பெண்டாட்டியைப் பார்த்தார். பெண்ணைப் பார்த்தார். அது தூணில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தது. வெற்றிலைத் தட்டை ரெங்கசாமி பக்கமே நகர்த்தி வைத்தார்.

"தப்பா நெனைக்காதீங்க மாப்ளை. எங்க முறையை நாங்களே விட்டுட்டோம். ஒங்களுக்குத் தோதான எடமாப் பாத்துக்கங்க. ஒறவுக்கு ஒரு கொறையும் வராது."

செவந்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"இதை எவன் கட்டுவான்?" என்று எழுந்தாள் பிச்சையம்மாள். "வீட்டுக்குத்தான் ஒதவலை, பள்ளிக்கூடத்துலயாவது போய்க் கெடக்கட்டும். பதினொண்ணாங் கிளாசு முடியிற வரைக்கும் இதை யாருக்கும் காட்டாதே தம்பி, நம்ம மானம் போயிரும். இருங்க, அத்தைங்குற உரிமைக்கு ரெண்டு அறை விட்டுட்டு வாரேன்."

செங்கமலத்தைக் கையோடு இழுத்துக்கொண்டு அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். கூடத்தில் இருந்தவர்களுக்கு அழுகைச் சத்தம் மட்டும் கேட்டது. 'அடி பலமோ' என்று ரெங்கசாமிக்கு மனசு அடித்துக்கொண்டது.

உள்ளே, பிச்சையம்மாள்தான் மருமகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். "சித்திரையில நான் சொல்லிக்குடுத்ததைவிட நல்லாவே செஞ்சுட்டடி ஆத்தா! நீயாவது படி. நான் படிக்க ஆசைப்பட்டப்ப எனக்குத்தான் இப்படி ஒரு அத்தை வாய்க்கலை."